கை தூக்கியவர்கள்

ஜனவரி 6, திங்கள்

சங்கத்தில் இந்த வருடமும் டைரி கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, பதவி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தது. சலோமி, ஓ பாசிட்டிவ் என்று எழுதினேன். பதவி என்ற இடத்தில் ‘குழந்தைகள் காப்பக ஆயா, கிளைக் கமிட்டி உறுப்பினர்’ என்று இரண்டையும் எழுதினேன். அவசரத்துக்கு யாரை எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சங்க ஆபீஸ் நம்பரை எழுதி வைத்தேன்.

இன்று முப்பத்தொரு குழந்தைகள். பொங்கலுக்கு முன்னால் ஒருத்தியும் லீவு போட மாட்டாள். காலை எட்டரைக்குத் தையல் ஹாலில் மணி அடிப்பதற்குள் அத்தனை பேரும் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பத்தரைக்குப் பால் கொடுக்க வருவார்கள். ஷூவின் மேல்தோல் தைக்கிற கை, பசை நாற்றம் அடிக்கும். கழுவாமல் பிள்ளையைத் தொடாதே என்று நான் கத்துவேன். கத்துவதற்குத்தான் கம்பெனி உனக்குச் சம்பளம் தருகிறது என்று தேன்மொழி சொல்வாள்.

தேன்மொழி தையலில் மூன்றாம் லைன். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், தீபாவளிக்குத் தீபாவளி ஞாபகம் வந்தால் உண்டு. மூத்தவள் தனு நாலாம் வகுப்பு. சின்னவள் கனிஷ்கா, இரண்டரை வயது. ஆறு மாதக் குழந்தையாக என்னிடம் வந்தாள். மற்ற குழந்தைகள் என்னை ஆயா என்பார்கள், கனி மட்டும் ‘சலோ’ என்பாள். கமிட்டியில் எல்லோருக்கும் நான் தோழர், தெருவில் எல்லோருக்கும் அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் எனக்கு இவள் ஒருத்திதான்.

ஜனவரி 9, வியாழன்

கனிக்கு மூக்கு ஒழுகுகிறது. மற்ற முப்பது பேருக்கும் நாளைக்கு ஒழுகும்.

ஜனவரி 21, செவ்வாய்

பொங்கல் முடிந்து திறந்தால் தையலில் பதினாறு பேரைக் காணோம். எல்லோரும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் அதிகமாம், தெருமுனை வரைக்கும் வேனாம். அங்கே சங்கமும் கிடையாது, காப்பகமும் கிடையாது. எங்களிடம் வாங்குகிற அதே வெளிநாட்டு பையர்தான் அவர்களிடமும் வாங்குகிறான். போனவர்களில் இரண்டு பேர் தாய்மார். அந்த இரண்டு குழந்தைகளையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. இப்போது இருபத்தொன்பது.

சாயங்காலம் வேதாசலம் அண்ணன் வந்தார். எங்கள் கிளைச் செயலாளர், கட்டிங்கில் இருபத்திரண்டு வருடம். நல்ல மனிதர், பேச ஆரம்பித்தால் நிறுத்த மட்டும் தெரியாது.

“பதினாறு சந்தா போச்சேன்னு நான் அழுவல சலோமி. இன்னும் நூறு பேரு போய்ட்டா, நீ யாருக்காகய்யா பேச வந்தன்னு எச்.ஆர். கேப்பான். சம்பளத்த ஏத்திக் கேட்டே ஆவணும்” என்றார்.

கேளுங்கள் என்றேன். கேட்காமல் எங்களுக்கு எது கிடைத்தது? இந்தக் காப்பக அறையே கேட்டு வாங்கியதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பால்குடிப் பிள்ளைகளோடு பதினோரு நாள் கேட்டில் உட்கார்ந்தோம். பிள்ளையே இல்லாத நானும் உட்கார்ந்தேன். அடுத்த வருடம் என் கட்டைவிரலில் மெஷின் ஊசி ஏறி, தையலுக்கு லாயக்கில்லை என்று ஆனபோது, சங்கம்தான் பேசி என்னை இங்கே போட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

கனி இன்று தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டாள். இடது வலது மாறித்தான். கழற்றச் சொன்னால் கடிக்க வருகிறாள்.

பிப்ரவரி 26, புதன்

மூன்றாவது சுற்றுப் பேச்சுவார்த்தை. கமிட்டி ஏழு பேரும் போனோம். எச்.ஆர். சார் ஏசியைக் குறைத்துவிட்டு டீ சொன்னார். டீ நன்றாக இருந்தால் பேச்சு நன்றாக இருக்காது என்பது என் அனுபவம்.

ஜோடிக்கு இவ்வளவுதான், அதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்கிறானாம் பையர். புதுக் கம்பெனி அதையும்விடக் குறைத்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதாம். “நீங்க கேக்கறத குடுக்கறேன். ஆனா வேற எதையாவது நான் நிறுத்தணும். வேனா, கேன்டீன் சாப்பாடா, காப்பகமா, நீங்களே பாத்து சொல்லுங்க” என்றார்.

அந்த மூன்றாவது வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சட்டப்படி காப்பகம் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொன்னேன். இருக்கும் என்றார். போர்டு இருக்கும், அறை இருக்கும், தொட்டில் இருக்கும். பையர் தரப்பில் ஆடிட் வருகிற நாளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்துக்கொள்ளலாம், தினமும் நடத்த வேண்டியதில்லை, இது ஒப்பந்தத் தாளில் வராது என்றார்.

வரும் வழியில் நான் முட்டைக்கோஸ் வாங்கினேன்.

மார்ச் 5, புதன்

கமிட்டிக் கூட்டம். வேனை நிறுத்தினால் மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். கேன்டீனை நிறுத்தினால் பாதிப் பெண்கள் மத்தியானம் பட்டினி கிடப்பார்கள். அது எனக்கும் தெரியும்.

“அறுநூத்தி நாப்பது பொம்பளைங்க. இருபத்தொம்பது கொழந்தைங்க. எனக்கு மட்டும் இது இனிக்குதா? நீயே ஒரு வழி சொல்லு சலோமி” என்றார் வேதாசலம் அண்ணன்.

என்னிடம் வழி இல்லை. வேண்டாம் என்பது மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடைசியில் ஆறுக்கு ஒன்று.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கமிட்டிக்குள் மேசையைத் தட்டலாம், எழுந்து போகலாம், ஒருவரை ஒருவர் விளாசலாம். முடிவு என்று ஒன்று ஆகிவிட்டால், வெளியே பொதுக்குழுவில் ஏழு கையும் சேர்ந்தேதான் எழும்ப வேண்டும். கமிட்டி பிரிந்து நிற்பது தெரிந்தால் மறுநாளே கம்பெனி உள்ளே கை விடும். அந்தப் பதினோரு நாளும் நாங்கள் உடையாமல் நின்றது இதனால்தான். புதிதாக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

கிளம்பும்போது வேதாசலம் அண்ணன், “ஒனக்கு செக்கிங்ல வேல பேசியாச்சி. சம்பளம் கொறையாது” என்றார். நான் அதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பொதுக்குழு. ஷிப்டு முடிந்ததும் கேட்டுக்கு வெளியே. கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் முன்னால் நின்றோம். வேதாசலம் அண்ணன் ஒப்பந்தத்தை வாசித்தார். சம்பள உயர்வைச் சொன்னதும் கைதட்டல் அடங்க நேரமானது. காப்பகத்துக்கு ‘நடைமுறையில் சில மாற்றங்கள்’ என்று ஒரே ஒரு வரி.

“ஆயா ரூம மூடறீங்களா?” என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். தேன்மொழியின் குரல்.

“மூடலம்மா. தெனமும் நடத்த முடியாது, அவ்ளோதான்” என்றார்.

ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து பருப்பு வேகவைத்தேன். காலையில் போட்ட துணி இன்னும் காயவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 29, சனி

கடைசி நாள். திங்கட்கிழமை ரம்ஜான் லீவு, செவ்வாய் முதல் நான் செக்கிங்.

தாய்மார் துண்டு, டம்ளர், மாற்றுத்துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தியாவது என்னைத் திட்டுவாள் என்று காலையிலிருந்து எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. தேன்மொழி மட்டும் கனியை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அப்புறம் இன்னாக்கா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ இருவருக்கும் தெரிந்த விஷயம் போலச் சிரித்தாள். பார்க்கலாம் என்றேன். கனி டாட்டா காட்டினாள்.

அறையைக் கூட்டி, தரையை டெட்டால் போட்டுத் துடைத்து, சாவியை ஆபீசில் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

செக்கிங் வேலை ஒன்றும் கஷ்டமில்லை. தையல் கோணலாகப் போயிருக்கிறதா, நூல் விட்டுப்போயிருக்கிறதா, தோலில் கீறலா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பேச்சுத் துணைக்கு ஆள் உண்டு. பத்தரை மணியானால் மட்டும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன்.

தேன்மொழி கனியைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். ஏறிய சம்பளத்தைவிட அந்த அம்மா கேட்பது அதிகம்.

ஏப்ரல் 24, வியாழன்

பக்கத்து வீட்டம்மா கனியின் காலைப் புடவைத் துணியால் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறாள். சீரியல் பார்க்கும்போது ஓடுகிறாளாம். கணுக்காலில் வளையம்போலச் சிவந்திருக்கிறது என்று தேன்மொழி மத்தியானச் சாப்பாட்டில் சொன்னாள். சொல்லும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

“வுடுக்கா. ஸ்கூலு லீவு வுட்டுட்டாங்க. தனு பாத்துக்குவா.”

சாயங்காலம் வேதாசலம் அண்ணனிடம், சங்க ஆபீஸ் அறை பகலில் சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, அங்கே பிள்ளைகளை வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். ஆயாவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்றார். நான் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். செக்கிங்கை விட்டுவிட்டால் நான் எதைச் சாப்பிடுவது என்ற நினைப்பு வந்து வாயை மூடிவிட்டது. யோசிக்கலாம் என்றார். நானும் யோசிக்கலாம் என்றேன்.

மே 1, வியாழன்

கொடியேற்றினோம். லட்டு கொடுத்தார்கள். புதுச் சம்பளம் கைக்கு வந்து எல்லார் முகமும் தெளிந்திருக்கிறது. பேக்கிங்கில் ஒருத்தி மகனுக்குக் கண்ணாடி வாங்கினாளாம், போன வருடம் முழுக்க அவன் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருந்தானாம். இன்னொருத்தி மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடித்துவிட்டாள். புதுக் கம்பெனிக்குப் போனவர்களில் நான்கு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்தச் சம்பளம் நல்லதும் செய்தது.

மே 12, திங்கள்

புதுக் கம்பெனி இன்னும் ஐந்நூறு ஏற்றிவிட்டது. திரும்பி வந்த நான்கு பேரில் மூன்று பேர் மறுபடி அங்கே போய்விட்டார்கள்.

ஜூன் 4, புதன்

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது நாள். தனு போகவில்லை. அஞ்சாம் வகுப்பு.

“ரெண்டு வாரம் போவட்டும்க்கா. எங்கம்மாவ ஊர்லேர்ந்து வரச்சொல்லிக்கீறேன்” என்கிறாள் தேன்மொழி. அவளுடைய அம்மாவுக்கு மூட்டு வலி, பஸ் ஏறி வர மாட்டார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச் முடிந்து நேராகத் தேன்மொழி வீட்டுக்குப் போனேன். அவள் ஓவர்டைமுக்குப் போயிருந்தாள். தனு அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தைக் கனி கைக்கு எட்டாமல் அலமாரி மேல் வைத்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை என்னைப் பெரிய மனுஷிபோல வரவேற்று, டீ போடட்டுமா என்று கேட்டது.

கனி என்னைப் பார்த்ததும் “சலோ” என்று ஓடிவந்தாள். அப்படியே திரும்பி உள்ளே ஓடினாள். தன் செருப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு வந்து, “போலாம்” என்றாள். அறைக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

இன்று ஞாயிறு கண்ணு, லீவு என்றேன். நாளைக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லியிருக்கக் கூடாது. மூன்று வயதுகூட ஆகாத பிள்ளைக்கு நாளை என்றால் என்னவென்று தெரியாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

கனி இறந்துவிட்டாள்.

ஜூன் 26, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அவர்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்திருக்கிறது. கனி தூங்கிக்கொண்டிருந்தாள். தனு கதவைச் சாத்திவிட்டு, குடங்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்றிருக்கிறாள். பிள்ளை விழித்து அக்காவைத் தேடி வெளியே வந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு வீடு பாதி கட்டி நிற்கிறது. அதன் வாசலில் தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, சுவருக்குத் தெளிக்க நிரப்பி வைத்திருந்தார்கள், மேலே ஒரு தகரம் மட்டும். தனு நான்காவது குடம் நிரப்பிக்கொண்டு திரும்பியபோது வீட்டில் பிள்ளை இல்லை.

கண்டெடுத்தது பதினொன்றரைக்கு. லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். தெருக்காரர் ஒருவர் கம்பெனி கேட்டுக்கு வந்து சொல்லி, கேட்டிலிருந்து ஆபீசுக்குப் போய், ஆபீசிலிருந்து சூப்பர்வைசருக்கு வந்து, தேன்மொழியிடம் சொல்லும்போது பன்னிரண்டே கால். அந்த முக்கால் மணி நேரமும் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தைத்தவற்றை நான் வாங்கிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் நேராகத்தான் இருந்தன.

ஏரிக்கரையில் புதைத்தார்கள். பெங்களூரிலிருந்து அப்பன் வந்தான், குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். சங்கத்திலிருந்து மாலை வந்தது. வேதாசலம் அண்ணன் விம்மி விம்மி அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தபின்தான் வந்தது. பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன், என் பிள்ளை என்று சொல்லி அழுதேன். எனக்கு அந்த உரிமை கிடையாது. ஆனாலும் சொன்னேன்.

ஜூன் 30, திங்கள்

வேலைக்குப் போனேன்.

ஜூலை 6, ஞாயிறு

தேன்மொழியைப் பார்க்கப் போனேன். தனு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து பேசவில்லையாம். தண்ணீர்க் குடம் இருக்கிற பக்கமே போவதில்லை, யாராவது டம்ளரில் கொடுத்தால் குடிக்கிறாள்.

தேன்மொழி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னத் துணிகள். நான் கூடச் சேர்ந்து மடித்தேன். மடித்துக்கொண்டே அவளாகப் பேசினாள்.

“ஒன்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்க்கா. அன்னைக்கு மீட்டிங்ல நீ கை தூக்கினியே.”

நான் தலையாட்டினேன்.

“மொத கையே ஒன்னுதுதான். எங்க லைன்ல கொழந்தக்காரிங்க ஏழு பேரு. ஏழு பேரும் ஒன்னத்தான் பாத்துக்கினு இருந்தோம். நீ தூக்கலன்னா நாங்களும் தூக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம். நீயே தூக்கிட்ட. சரி, அக்கா உள்ளுக்குள்ள வேற ஏதோ ஏற்பாடு பண்ணிட்டுதான் தூக்குது, வெளிய சொல்ல முடியாம கீதுன்னு நெனச்சிக்கினோம். எல்லாரும் தூக்கிட்டோம்.” ஒரு சட்டையை உதறி மறுபடி மடித்தாள். “ஸ்கூலு லீவு முடியற வரிக்கும்கூட நீ வந்து சொல்லுவன்னு பாத்துக்கினுதான் இருந்தேன்.”

அவள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மார்ச் 14 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதியிருக்கிறேன். பருப்பு வேகவைத்ததை எழுதியிருக்கிறேன். நான் கை தூக்கியதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் தூக்கினேன். வழக்கம் அதுதான் என்பதற்காகத் தூக்கினேன். செக்கிங்கில் வேலை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கணத்திலும் ஒரு வார்த்தை, வேறு ஏற்பாடு எதுவும் இல்லையடி என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

தேன்மொழி வேலைக்கு வந்துவிட்டாள். டீச்சரே வீட்டுக்கு வந்து தனுவைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாராம். இப்போது பள்ளிக்குப் போவதற்குத் தடையில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அடுத்த செவ்வாய் ஆடிட். கமிட்டியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். காப்பகம் தினமும் நடக்கிறது என்று காட்ட வேண்டும், தொழிலாளிகளைக் கேட்டால் நடக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆடிட்டில் தவறினால் ஆர்டர் புதுக் கம்பெனிக்குப் போய்விடும்.

“அந்தக் கம்பெனில ஆயா ரூமே கெடையாதே” என்றேன்.

“பேப்பர்ல கீது” என்றார் வேதாசலம் அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அன்னைக்கு நீதான் உள்ள ஒக்காரணும் சலோமி. வேற யாருன்னாலும் பசங்க அழும்.”

முடியாது என்றேன். கமிட்டி முடிவு என்றார் பொருளாளர். அந்தப் பேச்சை என்னிடம் பேசாதே என்று எழுந்து வந்துவிட்டேன். இந்த நல்ல புத்தி மார்ச்சில் வந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மத்தியானம் தேன்மொழி தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒக்கார மாட்டேன்னுட்டியாமே.”

“உண்மைய சொல்லப் போறேன்டி. எல்லாத்தையும் சொல்லப் போறேன்.”

“சொன்னா?” என்றாள். “ஆர்டர் போயிடும். மொதல்ல மூணாம் லைனத்தான் நிறுத்துவாங்க. புதுக் கம்பெனில சேக்கணும்னா ஓவர்டைம் ஒம்போது மணி வரிக்கும் நிக்கணும். தனுவ அவ்ளோ நேரம் தனியா வுட என்னால ஆவாது. எனக்கு அவ ஒருத்திதான் மீதி.” தண்ணீர் குடித்தாள். “ஒக்காந்துடுக்கா. ஓடுதுன்னு சொல்லிடு.”

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உட்கார்ந்தேன்.

நான்கு மாதம் பூட்டிய அறையை நேற்றே கழுவி, புதுப் பாய் போட்டு, சுவரில் யானை, மயில் படம் ஒட்டியிருந்தார்கள். வேனை அனுப்பி இருபத்தைந்து பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒருத்தன் வந்ததும் வராததுமாகத் தன் பழைய மூலையில் போய்ப் படுத்துக்கொண்டான். நிஜமாகவே திறந்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டன.

ஆடிட்டுக்கு வந்தது ஒரு சின்னப் பெண், சென்னையிலிருந்து. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு விளையாடினாள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். வருகைப் பதிவேட்டைக் கேட்டாள். நான்கு மாதப் பதிவையும் ஆபீசில் ஒரு கிளார்க் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் எழுதியிருக்கிறான். புதியவன். பழைய பட்டியலை அப்படியே பார்த்து நகல் எடுத்துவிட்டான். அந்தப் பெண் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் கை தூக்கின.

“கனிஷ்கா” என்றாள்.

எச்.ஆர். சார் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வேதாசலம் அண்ணன் வாசலில் நின்றிருந்தார், தலையைக் குனிந்துகொண்டார். நாலு வயதுப் பெண் ஒன்று, “கனி வரல மிஸ்” என்றது. அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

“ஏன் வரல?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

சொல்லிவிடலாம் என்று இருந்தது. தேன்மொழி தட்டோடு வந்து உட்கார்ந்தது ஞாபகம் வந்தது.

“காய்ச்சல்” என்றேன்.

“அச்சோ. அவங்க அம்மா இன்னிக்கு வேலைக்கு வந்திருக்காங்களா?”

“வந்திருக்காங்க. மூணாவது லைன்.”

“சரி, குழந்தைக்கு உடம்பு சரியானதும் அனுப்பச் சொல்லுங்க” என்று சொல்லி, பெயருக்கு நேராக ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

நாலரை மணிக்கு வேன் வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. வேனில் ஏற மாட்டேன் என்று மூன்று பேர் அழுதார்கள். நாளைக்கு வரலாம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஆடிட்டில் தேறிவிட்டோம். காப்பகத்தைக் குறிப்பாகப் பாராட்டி எழுதியிருக்கிறார்களாம். ஆர்டர் அடுத்த மார்ச் வரை உறுதி. காலையில் எல்லா லைனுக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். அறையை மறுபடி பூட்டிவிட்டார்கள்.

மத்தியானம் தேன்மொழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தனு நேற்று டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசினாளாம். நல்லது என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சாப்பிட்டோம்.

“பேரு கூப்ட்டாங்களாமே” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“இன்னா சொன்ன?”

“காய்ச்சல்னு சொன்னேன். அம்மா வேலைக்கு வந்திருக்காங்களான்னு கேட்டாங்க. வந்திருக்காங்கன்னு சொன்னேன்.”

அவள் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள்.

“காய்ச்சல்ல கீற பிள்ளைய யார்கிட்ட வுட்டுட்டு வந்திருக்கான்னு கேட்டாங்களா?”

கேட்கவில்லை என்றேன்.